தூணில் முட்ட மறுத்த ருக்கு அக்கா

"கண்ணு தெரியாதவங்க தூண்ல முட்டிக்கணும்க்கா. அதான் முறை."

"தூணு எங்க கீதுன்னுதான் எனக்குத் தெரியுதேடா. தெரிஞ்சிகினே போயி எப்டிடா முட்டிக்கிறது? லூஸா நானு?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் தெருமுனைப் பள்ளிக்கூடத்து வராந்தா. நான் படியில் உட்கார்ந்துகொண்டு நாடகம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். ருக்கு அக்கா வராந்தாவின் அந்தக் கோடியிலிருந்து நடந்து வந்தாள். தூண் வந்ததும் அரையடி விலகினாள். மறுபடி போகச் சொன்னேன். மறுபடி விலகினாள். மூன்றாம் தடவை பெரிய மனது வைத்து, தூணுக்கு முன்னால் நின்று, அதை உள்ளங்கையால் லேசாகத் தட்டிவிட்டு, "ஆ" என்றாள்.

"இது முட்டிக்கிட்ட மாதிரி இல்லக்கா. தூணுக்கு ஆசீர்வாதம் பண்ற மாதிரி கீது."

கிஷ்டன் மாமா விழுந்து விழுந்து சிரித்தார். அவருக்கு இடது கை கிடையாது. முழங்கைக்குக் கீழே அரிசி மில் பெல்ட் எடுத்துக்கொண்டுவிட்டது. சிரித்துக்கொண்டே தீப்பெட்டியைத் தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவில் இடுக்கி, ஒற்றைக் கையால் குச்சியைக் கிழித்துப் பீடி பற்றவைத்தார்.

"மாமா! அதான் கூடாதுன்றேன். நாளன்னிக்கு ஆபீசர் எதிர்ல பீடி புடிக்கணும்னா யார்னா பத்த வெக்கணும்."

"அடுத்தவன் பத்த வெச்ச பீடி எரியாதுடா."

"சரி, பீடியே புடிக்காத."

"அதுக்கு இன்னொரு கையயும் வெட்டிடு."

அப்புறம் இருவரும் சேர்ந்து என் பக்கம் திரும்பினார்கள். எனக்கு என்ன வேஷம் என்று கேட்டார்கள். என் வலது கால் முருங்கைக்காய்க்கு அண்ணன். குழந்தையில் வந்த காய்ச்சல், தூக்கத்தில் வந்து காலின் சதையை மட்டும் வாங்கிக்கொண்டு போய்விட்டதாம். எனக்கென்று ஒரு கைத்தடி உண்டு. அதில் ஒரு சைக்கிள் மணி பொருத்தியிருப்பேன். மாடோ மாமியாரோ குறுக்கே வந்தால் மணி அடித்துக்கொண்டு போவேன்.

"நீ வேஷம்லாம் போட வேணாம்டா சேகரு. அந்தாளு வந்து போற வரைக்கும் வாய மூடிகினு இரு. ஒனக்கு அதான் ஊனம்" என்றாள் ருக்கு அக்கா.

ஒரு கண்ணுக்கு எவ்வளவு?

இவ்வளவு ஒத்திகையும் எதற்கு என்று சொல்ல வேண்டும். இது நடந்து மூன்று நான்கு வருஷம் இருக்கும்.

ஊனமுற்றவர்களுக்கு அரசாங்கம் மாதாமாதம் உதவித்தொகை தருகிறது. மணியார்டரில் வரும். அதை வைத்துக்கொண்டு யாரும் மாடி வீடு கட்டியதில்லை. ஆனால் மணியார்டர் வரும் அன்றைக்கு, தபால்காரர் நம் பேரைத் தகப்பனார் பேரோடு சேர்த்து முழுசாகக் கூப்பிடுவார். மற்ற நாளெல்லாம் நான் 'நொண்டி', கிஷ்டன் மாமா 'ஒத்தக் கை', ருக்கு அக்கா 'குருட்டுப் பொண்ணு'. மாதத்தில் அந்த ஒரு நாள்தான் எங்களுக்குப் பெயர் சூட்டு விழா.

ஒரு நாள் டீக்கடையில் யாரோ பேப்பரை உரக்கப் படித்தார்கள். அரசாங்கம் செலவைக் குறைக்கப் போகிறதாம். கொஞ்சமாவது வேலை செய்ய முடிந்தவர்களுக்கு இனிமேல் உதவித்தொகை இருக்காதாம். ஆபீசர்கள் நேரில் வந்து பார்ப்பார்களாம்.

டீக்கடையில் இவ்வளவுதான் சேதி. தெருவின் அந்த முனைக்குப் போவதற்குள் அதற்குக் கை கால் முளைத்துவிட்டது. எங்களுக்குத்தான் முளைக்கவில்லை. ஒரு கண் போனால் கால் பணம், ஒரு கால் போனால் அரைப் பணம் என்றார் ஒருவர். ஊமையாக இருந்தால் தன் வாயாலேயே வந்து கேட்க வேண்டும் என்று இன்னொருவர் அடித்துச் சொன்னார். எட்டாங்கிளாஸோடு நானும் பள்ளிக்கூடமும் ஒருவருக்கொருவர் டாட்டா காட்டிக்கொண்டவர்கள். இருந்தாலும் கூட்டல் கழித்தல் தெரியும். எனக்கு ஒரு கால்தான் குறைவு, அதனால் பாதியாவது தேறும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டு வைத்தேன்.

ருக்கு அக்காவுக்கு அந்தச் சிரிப்பெல்லாம் வரவில்லை.

தறிச் சத்தத்தில் நடக்கிறவள்

ருக்கு அக்கா அண்ணன் வீட்டில் இருந்தாள். அம்மை போட்டதில் சின்ன வயசிலேயே இரண்டு கண்ணும் போனது. அண்ணன் நல்லவர். அதாவது பேச மாட்டார். பேசுவதெல்லாம் அண்ணி. மணியார்டர் நாளில் அண்ணி கொடுக்கிற காப்பி சூடாக இருக்கும். மாசக் கடைசியில் ஆறிப்போயிருக்கும். "காப்பிய வாயில வெச்சா தேதி சொல்லிடுவேன்" என்பாள் அக்கா.

டீக்கடைச் சேதி வீட்டுக்குப் போன அன்றைக்கே அண்ணி முடிவு சொல்லிவிட்டாளாம். பணம் நின்றுபோனால், ருக்கு படவேட்டில் தன் தங்கச்சி வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

"போனா இன்னாக்கா? மலை கீது, கோயில் கீது, காத்து நல்லா வரும்" என்றேன். எனக்குக் கிண்டலைத் தவிர வேறு ஆறுதல் தெரியாது.

"அங்க தறி இல்லியேடா" என்றாள்.

எனக்கு முதலில் புரியவில்லை. அவள் தறி ஓட்டுபவள் இல்லையே. அப்புறம்தான் சொன்னாள்.

எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு கைத்தறி. கேட்கிறவனுக்கு எல்லாம் ஒரே டக்கு டக்கு. அக்காவுக்கு அப்படி இல்லை. ஒரு வீட்டுத் தறி இருமும். ஒரு வீட்டுத் தறி நொண்டும், "ஒன்ன மாதிரியே" என்பாள். ஏகாம்பரம் முதலாளி வீட்டில் மூன்று தறி சேர்ந்து ஓடும்போது குதிரை வண்டி போவது போலக் கேட்கும். இந்தச் சத்தங்களைப் பிடித்துக்கொண்டே அவள் தண்ணீர்க் குழாய்க்குப் போவாள், மளிகைக் கடைக்குப் போவாள், கோயிலுக்குப் போவாள். கையில் குச்சி கூடக் கிடையாது. அமாவாசை அன்றைக்கு மட்டும் வெளியே வர மாட்டாள். அன்றைக்குத் தறிகளுக்கு லீவு.

"இங்க நான் பாதிக் குருடுடா சேகரு. படவேட்டுக்குப் போனா முழுக் குருடு."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நான் மணியை ஒரு தடவை அடித்தேன். வேறென்ன செய்வது?

அப்போதுதான் என் மூளையிலும் மணி அடித்தது. அக்காவுக்கு நடிக்கத் தெரியாது. ஆனால் தறிகள் நின்றுவிட்டால் நடிக்கவே வேண்டாம். நிஜமாகவே தடுமாறுவாள்! ஆபீசர் வரும் நேரத்தில் மொத்தத் தெருவும் தறியை நிறுத்தினால் போதும்.

வீடு வீடாகப் போய்க் கேட்டேன். யாரும் முடியாது என்று சொல்லவில்லை. நான் மணி அடித்தால் நிறுத்துவது, மறுபடி அடித்தால் ஓட்டுவது என்று பேச்சு.

பாவு!

கதைக்குள் போகும் முன் பாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வெளியூர்க்காரர்களுக்குப் பட்டுச் சேலை தெரியும், பாவு தெரியாது.

சேலையின் நீளவாட்டு இழைகள்தான் பாவு. தறியில் ஏற்றும் முன், அதைத் தெருவில் குறுக்குக் கழிகள் மேல் முழு நீளத்துக்கு இழுத்துக் கட்டுவோம். அறுந்த இழைகளை முடிந்து, தட்டிச் சீராக்கி, அப்புறம் சுருட்டுவோம். அந்த நேரத்தில் மழைத்துளி விழுந்தாலும் போச்சு, மாடு புகுந்தாலும் போச்சு. ஒரு குடும்பத்தின் மாசக்கணக்கான உழைப்பு சாக்கடைக்குப் போய்விடும்.

அதனால் எங்கள் தெருவில் ஒரு கட்டளை உண்டு. "பாவு!" என்று யாராவது கத்தினால், கேட்டவன் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஓடி வந்து தூக்க வேண்டும். யார் பாவு என்று கேட்கக் கூடாது. ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை தாலியைக் கையில் வைத்துக்கொண்டே ஓடி வந்திருக்கிறான். பெண்ணுக்கு நல்ல வேளை, திரும்பியும் போனான். இன்னொரு தடவை ஒரு பாடையையே இறக்கி வைத்துவிட்டுப் பாவைத் தூக்கினார்கள். செத்தவரும் நெசவாளிதான், கோபித்துக்கொள்ளவில்லை. கோர்ட்டில் கேஸ் நடத்துகிற இரண்டு அண்ணன் தம்பிகள் பாவின் இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு ஓடுவதை நான் பார்த்திருக்கிறேன். பாவு வீட்டுக்குள் போனதும் மறுபடி முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

மூச்சு விடுவது போல எங்களுக்கு இது. யோசித்துச் செய்வதில்லை. வினையே அதுதான்.

மணி அடித்தேன்

ஆபீசர் வந்தார். தாலுக்கா ஆபீஸ் ரெவின்யூ இன்ஸ்பெக்டர், சுருக்கமாக ஆர்.ஐ. சேத்துப்பட்டுப் பக்கத்து ஆள். தறி, பாவு எதுவும் தெரியாது. பள்ளிக்கூட வராந்தாவில் மேஜை போட்டு, டம்ளரில் மோர் வைத்து உட்கார வைத்தோம். நானும் கிஷ்டன் மாமாவும் படியில், உலகத்திலேயே ஒன்றுக்கும் உதவாத இரண்டு பேர் போல முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

தெரு நெடுக ஏகாம்பரம் முதலாளியின் பாவு. அரக்கு நிறம். இழை நிறைய அறுந்திருந்ததால் சுருட்ட நேரமாகிவிட்டது என்று முதலாளி ஆட்களை விரட்டிக்கொண்டிருந்தார்.

"அடுத்து ருக்மணி" என்றார் ஆர்.ஐ.

மணி அடித்தேன். ஒவ்வொரு வீடாகத் தறி அடங்கியது. கடைசியில் முதலாளி வீட்டுக் குதிரை வண்டியும் நின்றது.

"என்னய்யா, நெசவாளர் தெருன்னாங்க, ஒரு சத்தத்தையும் காணோம்?"

"எல்லாம் உங்க மேல மரியாத சார்" என்றேன். கிஷ்டன் மாமா என் முதுகில் கிள்ளினார்.

ருக்கு அக்கா அண்ணன் வீட்டு வாசலில் இறங்கினாள். நாலு அடி வைத்தாள். நின்றாள். கையை முன்னால் நீட்டினாள். முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினாள். காணாமல் போன குழந்தை திருவிழாக் கூட்டத்தில் அப்படித்தான் திருப்பும். நான் கேட்டதை எல்லாம் அப்படியே செய்தாள். எனக்கு ஏனோ பார்க்கப் பிடிக்கவில்லை. எத்தனை வருஷமாக அவள் இந்தத் தெருவில் ராணி மாதிரி நடந்துகொண்டிருந்தாள்!

கை பாவில் பட்டது. அதை ஒட்டியே மெதுவாக வந்தாள். பாதி வழியில் மறுபடி நின்று, தலையைச் சாய்த்தாள்.

ஆர்.ஐ. உச்சுக் கொட்டினார். "பாவம்" என்று சொல்லிவிட்டுப் பேனாவைத் திறந்தார். ஜெயித்தோம் என்று நான் மாமாவின் தொடையைத் தட்டினேன்.

"மழ!" என்று கத்தினாள் அக்கா. "டீக்கடத் தகரத்து மேல வுழுது! பாவு! பாவு!"

தறிகள் ஓடிக்கொண்டிருந்தால் அந்தத் துளிச் சத்தம் யாருக்கும் கேட்டிருக்காது, அவளுக்கும் கேட்டிருக்காது. நிறுத்தியது நான்.

அப்புறம் நடந்ததில் எனக்குப் பாதிதான் ஞாபகம். வீடுகளிலிருந்து ஜனம் கொட்டியது. அக்கா பாவையே கைப்பிடியாகப் பிடித்துக்கொண்டு ஓடினாள். நடுவில் தொங்குகிற இடம் பார்த்து இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டாள். கிஷ்டன் மாமா ஒரு கழியைப் பிடுங்கித் தோளில் வைத்து, மொட்டைக் கையால் அணைத்துக்கொண்டு, "ஜல்தி! ஜல்தி!" என்று ஊருக்கே உத்தரவு போட்டார். நான் தடியை எங்கே போட்டேன் என்று தெரியவில்லை. ஒற்றைக் காலில் தத்தித் தத்திப் போய் முன் முனையைப் பிடித்துவிட்டேன்.

பக்கத்தில் கூரை இருந்தது ஓரிடத்தில்தான். எல்லாரும் பாவோடு நேரே பள்ளிக்கூட வராந்தாவுக்குள் ஏறினோம். ஆர்.ஐ. மேஜையையும் மோரையும் தூக்கிக்கொண்டு சுவரோடு ஒண்டினார்.

வெளியே சோ என்று கொட்டியது. பாவில் ஒரு சொட்டு விழவில்லை.

பட்டு அவள் கையில்

மூச்சு வாங்குவது அடங்கியதும் அவரவர் நிலைமை அவரவருக்குத் தெரிந்தது. ஒன்றுக்கும் உதவாத மூன்று பேரும் ஆபீசர் மூக்குக்கு நேரே, ஆளுக்கொரு சுமையோடு நின்றுகொண்டிருந்தோம். கிஷ்டன் மாமா வாயில் பீடி புகைந்தது. சந்தோஷத்தில் தானே பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, இப்பதானே தடவித் தடவி வந்தே?" என்றார் ஆர்.ஐ.

என் வாய் எப்போதும் முந்திரிக்கொட்டை. அன்றைக்குப் பார்த்து அதுவும் ஊனமாகிவிட்டது.

"அப்ப உன்னால வேலை செய்ய முடியும். அப்படித்தானே?"

"முடியும் சார்" என்றாள் அக்கா.

"யக்கா!" என்று பல்லைக் கடித்தேன்.

"நீ சும்மா கெடடா. முடியும் சார், எழுதிக்குங்க. எழுதிட்டு, எனக்கு எவன் வேல குடுப்பான்னு பக்கத்துல அவன் பேரயும் எழுதுங்க."

பேனா நின்றது. ஆர்.ஐ. சுற்றிப் பார்த்தார். பாவின் சொந்தக்காரர் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார்.

"ஏன் முதலாளி, நீங்க குடுப்பீங்களா?"

ஏகாம்பரம் முதலாளி துண்டைத் தோளில் போட்டார். எடுத்தார். மறுபடி போட்டார். "தங்கமான பொண்ணு சார். சொல்லவே வேணாம். ஆனா பட்டு பாருங்க… வெல ஒசந்த சரக்கு. கண்ணு தெரியாதவங்க கையில எப்டி சார் குடுக்கிறது?"

அக்கா கைகளை ஒரு விரற்கடை இறக்கினாள்.

"அப்ப இத வுட்றட்டா மொதலாளி?"

"ஐயோ! வுட்றாதம்மா! கெட்டியா புடி!"

வராந்தாவே அதிர்ந்தது. சிரிக்கக் கூடாது என்று ஆர்.ஐ. மோரைக் குடித்தார், புரையேறியது. கிஷ்டன் மாமா அவர் தலையில் தட்டினார், இருந்த ஒரு கையால்.

"நீ என்னய்யா, பீடியெல்லாம் நீயே பத்த வெக்கிற?"

"இதுக்கு எவனும் கூலி தர மாட்டேன்றானே சார்!"

ஆர்.ஐ. எழுதினார், எழுதினார். என்ன எழுதினார் என்று எட்டிப் பார்க்கக் கழுத்து போதவில்லை.

அத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். முதலாளிக்குக் கௌரவம் உறுத்தியது. தெருவே சிரித்துவிட்டதே! சட்டென்று என்னைக் கைகாட்டினார்.

"தோ, இந்தப் பையனுக்கு வேல குடுக்கிறேன் சார். எப்டி ஓடியாந்தான் பாத்தீங்க இல்ல? கெட்டிக்காரன்."

"உன் பேரு என்னப்பா?" என்றார் ஆர்.ஐ.

எனக்குக் கால் வந்தது

அடுத்த மாதம் தபால்காரர் வந்தார். "ருக்மணி!" என்று தகப்பனார் பேரோடு கூப்பிட்டார். உள்ளேயிருந்து அண்ணி, "ருக்கு, காப்பி ஆறிடப் போவுது, வாங்கிகினு ஜல்தி வா" என்று தேனாகக் குரல் கொடுத்தாள். கிஷ்டன் மாமாவுக்கும் வந்தது. எனக்கு?

"ஒனக்குத்தான் கால் வந்துடுச்சாமே! ஊரே பேசிக்குது" என்றார் தபால்காரர்.

வேலை கேட்டு முதலாளி வீட்டுக்குப் போனேன்.

"நொண்டிக் கால வெச்சிகினு இன்னாடா வேல செய்வ?" என்றார்.

நான் சண்டை போடவில்லை. மறுநாள் காலையில் தூக்குச் சட்டியில் சோறு கட்டிக்கொண்டு போய் அவர் வாசல்படியில் உட்கார்ந்தேன். சேலை வாங்க வந்தவர்களுக்கெல்லாம் மணி அடித்து, "வாங்க, வாங்க. நான் மொதலாளிகிட்ட வேல செய்றவன். ஆர்.ஐ. சாட்சி" என்றேன். மெட்ராஸ் வியாபாரி ஒருவரிடம் முதலாளியின் தாராள மனசைப் பற்றி மத்தியானம் வரைக்கும் பேசினேன். அந்த வாரம் முடிவதற்குள் முதலாளிக்குப் பேஜாராகிவிட்டது.

"டேய், வேல வேணும், அவ்ளோதான? வெளிய உக்காந்து மானத்த பாரு. மழ வந்தா, மாடு வந்தா மணி அடி. வர்றவன் போறவன்கிட்ட மட்டும் வாயத் தொறக்காத!"

இன்றைக்கும் அதுதான் என் உத்தியோகம். ஆரணியிலேயே வானத்தைப் பார்ப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவன் நான் ஒருவன்தான். இந்தக் கதையைக் கூடப் பாவு தெருவில் இருக்கும் நேரத்தில் வாசல்படியில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். குனிந்து எழுதும்போது வானம் எப்படித் தெரியும் என்று நீங்கள் கேட்கலாம்.

எதிர் வீட்டிலிருந்து ருக்கு அக்காவின் குரல் வரும்.

"டேய் சேகரு! சம்பளக்காரா! மழ வாசன அடிக்குதுடா, மணி அடி!"

நிமிர்ந்து பார்ப்பேன். ஒன்றும் தெரியாது. இருந்தாலும் அடிப்பேன். தெருவே ஓடி வரும், அவளும் வருவாள். பாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனதும், வானம் பொத்துக்கொண்டு ஊற்றும்.

"இந்தப் பையன் கண்ணு கழுகுக் கண்ணுய்யா" என்பார் முதலாளி, எல்லாரும் கேட்க.

அக்கா பாவின் நடுவைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள்.